புள்ளி புழுவான கதை

புள்ளி மறுபடியும் புழுவாகியிருந்தது.

கறார் கணினித் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். தொலைநோக்கி வழியாக எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் கோடுகளாக இழுபட்டிருந்தன. அதில் அவருக்குப் புகார் இல்லை. அவை நகர்கிறவை, கோடாகத்தான் விழும். ஆனால் நடுவில் வரிசையாக நிற்க வேண்டிய நான்கு புள்ளிகளும் நெளிந்து, சுருண்டு, மழை விட்டதும் வெளியே வந்த மண்புழுக்கள் மாதிரிக் கிடந்தன.

“எவனோ ஆட்டுறான்” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மொட்டைமாடியில் அவரைத் தவிர இருந்தது அவர் மனைவி மட்டும்தான். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவள், தலையணை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“என்னையா சொல்றீங்க?”

“உன்னைச் சொல்லல. கீழ் வீட்டுல வாஷிங் மெஷின் ஓடுது பாரு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல.”

“உனக்கு எப்பத்தான் கேட்டிருக்கு.”

கறார் என்பது அவர் பெயர் அல்ல. எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர் அவர். கடைத்தெருக்காரர்கள் வைத்த பட்டம் அது. எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு குடியிருக்கும் கட்டடத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவர் காதில் மட்டும் இன்னும் விழவில்லை.

அவர் காரணமில்லாமல் கோபப்படுவார் என்று சொல்பவர்கள் உண்டு. அது அபாண்டம். காரணம் எப்போதும் இருந்தது. கட்டிலின் திருகாணிகள் தாமாகவே கழன்றன, தச்சரோடு சண்டை. புதுச் செருப்பில் வலது கால் செருப்பு மட்டும் தேய்ந்தது, செருப்புக் கடைக்காரரோடு சண்டை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சற்று நேரத்தில் எழுந்துபோய் வேறு இடம் பார்த்தார்கள், “நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?” என்று அவர்களோடும் சண்டை. உலகத்தில் எதுவும், எவரும், இருக்கச் சொன்ன இடத்தில் இருப்பதில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை.

அதனால்தான் அந்த நான்கு புள்ளிகளின்மேல் அவருக்கு அத்தனை பிரியம். தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்குமாக மேலே ஏற்றிவிட்ட செயற்கைக்கோள்கள் அவை. பூமி திரும்புகிற அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால், கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி, திருகை இறுக்கிவிட்டால் போதும். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து தாண்டிப் போகும், இவை மட்டும் போகாது. “வேலை பாக்குறவன்னா இப்படி இருக்கணும்” என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

எதிர்க் கட்டடத்து மேல்மாடிப் பெண்மணி புகார் சொல்லும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புகாரை விசாரிக்க மாடிக்கு வந்தவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடம் முழுவதும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். தொலைநோக்கியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பரீட்சையில் காப்பியடித்தவனைப் பார்க்கிற மாதிரிக் கறாரைப் பார்த்தார்.

“வானத்தைப் பாக்குறவங்க குழாயை அப்படி இப்படித் திருப்புவாங்க. நீங்க மாசக்கணக்கா ஒரே இடத்தையே பாக்குறீங்களாமே. அங்க யாரு இருக்கா?”

“சேட்டிலைட்டு இருக்கு மேடம்.”

“அந்தம்மா வீட்டு ஜன்னலும் அங்கதான் இருக்காம்.”

கறாருக்கு உச்சந்தலை கொதித்தது. “குழாய் வானத்தைப் பாத்து நிக்குது மேடம். இதுல அந்தம்மா தெரியணும்னா அவங்க பறந்துகிட்டு இருக்கணும்.”

“எனக்குப் புரியுது. மத்தவங்களுக்குப் புரிய வைங்க. விட்டுவிட்டு இல்ல, சேர்ந்தாப்ல ஒரு மணி நேரம் படம் எடுங்க. நட்சத்திரம் நகரணும், உங்க ஆளுங்க நகரக் கூடாது. சங்கத்துல எல்லாரும் பாக்கட்டும். சரியா இருந்தா இந்த மூலை உங்களுது. இல்லைன்னா குழாயைக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சுக்குங்க.”

வீட்டுக்குள் எந்த ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்துச் சுவர்தான் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. இப்போது கழற்றினால், ஜன்னல் பார்த்தவன் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு வரும். அளவு குறைந்த ஒரு எடைக்கல்லைக்கூட வாழ்நாளில் மன்னிக்காத மனிதருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏற்பாடு என்னவோ பக்காவாகத்தான் இருந்தது. மாடித் தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் நீளமான ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன் ஒரு முனையில் தொலைநோக்கியின் முக்காலியையும் மறுமுனையில் தன் இரும்பு நாற்காலியையும் வைத்திருந்தார். கேமரா தானாகவே ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுக்கும். இவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புழு புழுவாக வந்துகொண்டிருந்தது.

கறார் எழுந்து, தடதடவென்று ஒரு மாடி இறங்கி, கீழ் வீட்டு நர்ஸின் கதவைத் தட்டினார்.

“மெஷினை நிறுத்துங்க.”

“மெஷின் அப்பவே நின்னாச்சு சார்” என்றாள் நர்ஸ். வேலை முடிந்து வந்த கையோடு துவைத்து முடித்திருந்தாள், கண்ணெல்லாம் தூக்கம். “துணியெல்லாம் பக்கெட்டுல இருக்கு. வேணும்னா வந்து பாருங்க.”

“நான் வர்ற சத்தம் கேட்டு எடுத்துப் போட்டிருப்பீங்க.”

“நீங்க என்ன போலீஸா, பயந்து ஒளிச்சு வைக்க? துணி துவைக்கிறது ஒரு குத்தமா?”

“என் தலைக்கு மேல நாலு பேரு எத்தனையோ வருஷமா அசையாம நிக்கிறாங்க. உங்களால ஒரு மணி நேரம் ஒரு மெஷினை நிறுத்தி வைக்க முடியல.”

“யாரு தலைக்கு மேல?” என்று நர்ஸ் உண்மையான கவலையோடு அவர் தலைக்கு மேல் பார்த்தாள். சண்டை அங்கிருந்து இன்னும் விரிந்தது. முடித்துவிட்டு மாடிக்கு வந்து திரையைப் பார்த்தார். அவர் கீழே இருந்த நேரத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் நான்கு புள்ளிகளும் ஊசி குத்தியது போலக் கச்சிதமாக நின்றன.

“பாத்தியா?” என்றார் மனைவியிடம். “போய்ச் சத்தம் போட்டதும் நின்னுடுச்சு. மெஷின் ஓடவே இல்லையாம், என்னா பொய்.”

வெற்றிக் களிப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த படத்தில் புழு நெளிந்தது.

“மறுபடியும் போட்டுட்டா” என்று துள்ளி எழுந்தார். தரையில் காது வைத்துக் கேட்டார். மெஷின் சத்தம் இல்லை. எங்கோ ஆழத்தில் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை மட்டும் வந்தது. தண்ணீர் ஏற்றுகிற பம்பு.

கீழ்த்தளம்வரை படியிறங்கி ஓடி, காவலாளி “சார், சார்” என்று கத்தக் கத்தப் பம்பின் ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்காகக் காவலாளி போட்ட சண்டைக்கு ஈடு கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே வந்து பார்த்தால், அவர் இல்லாத நேரம் முழுவதும் புள்ளிகள் சிலை மாதிரி நின்றிருந்தன. ஆக, பம்புதான் திருடன். நர்ஸ் சின்னத் திருடி. உட்கார்ந்தார். புழு.

அன்றைக்கு அதோடு மேகம் மூடிவிட்டது. மறுநாள் காலையில் கட்டடத்தில் ஒரு வீட்டிலும் தண்ணீர் வரவில்லை. வராது, ஃபியூஸ் கறாரின் சட்டைப்பையில் இருந்தது. அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் விடிந்ததும் விடியாததுமாகக் கடைத்தெருவுக்குச் சோதனைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

முதல் சோதனை நகைக்கடையில். கடைக்காரரும் அதே கட்டடத்தில்தான் குடியிருந்தார். ஒரு கன்னம் மழித்து, மறு கன்னம் மழிக்காமல் கடையில் உட்கார்ந்திருந்தார். பாதிச் சவரத்தில் தண்ணீர் நின்றுவிட்டதாம்.

“தராசை வைங்க” என்றார் கறார்.

நகைக்கடைக்காரர் தராசைத் துடைத்து மேசைமேல் வைத்தார். மேலே கண்ணாடி, கீழே தரைவரை தேக்குப் பலகை அடைத்த பெரிய மேசை. கறார் இந்தப் பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு, பலகையோடு முழங்காலை ஒட்டி உட்கார்ந்து, தராசின் எண்களையே முறைத்தார். கடைசி எண் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

“ரெண்டு வருஷமா இதே கதைதான்.”

“நீங்க வர்றதுக்கு முன்னாடி நின்னுச்சு சார்.”

“அப்ப என்னைப் பாத்து பயந்து நடுங்குதா?”

“எனக்கே நடுங்குது சார், அதுக்கு நடுங்காதா.”

கறாருக்குச் சுர்ரென்று ஏறியது. முத்திரை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்கு நடந்தார். பின்னால் நகைக்கடைக்காரர், “சார், சார், இப்ப நின்னுடுச்சு, திரும்பிப் பாருங்க சார்” என்று கூப்பிட்டார். கறார் திரும்பவில்லை. இந்த மாதிரித் தந்திரங்களை அவர் நிறையப் பார்த்தவர். முத்திரை இல்லாமல் நகைக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பங்காளிக் கடையில் இரவல் தராசு வாங்கி வியாபாரம் பார்த்தார் என்பதோ, பங்காளி அதற்கு எத்தனை இளக்காரமாகப் பேசினான் என்பதோ அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் முத்திரை கிடைத்திருக்காது.

ஃபியூஸ் மத்தியானம்தான் வீடு திரும்பியது. அதற்குள் டீச்சரம்மா இரண்டு முறை வந்து போய்விட்டார்.

“தண்ணி இல்லாம டீச்சரம்மா முகத்துல சோப்போட நின்னாங்களாம்” என்றாள் மனைவி, சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்தபடி. தனக்கு அவள் தட்டு வைக்கவில்லை. அவள் மேசையில் சாப்பிடுவதை விட்டு வெகுகாலமாகிறது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சோபாவில் உட்கார்ந்துகொள்வாள்.

கறார் தம்ளரைச் சுட்டிக்காட்டினார். அதில் தண்ணீர் வட்டம் வட்டமாக அலையடித்துக்கொண்டிருந்தது. “இங்க பாரு. பம்பு ஆட்டுறது நம்ம வீட்டு மேசை வரைக்கும் வருது.”

“பம்பை இன்னும் போடவே இல்ல. எலக்ட்ரீஷியன் வந்துதான் ஃபியூசை மாட்டணுமாம்.”

“அப்ப லிஃப்டு.”

“நான் இருபது வருஷமா ஒண்ணு சொல்றேன், நீங்க கேக்குறதே இல்ல” என்றாள் அவள்.

“தெரியும், தெரியும். கோவத்தைக் குறைக்கணும். ஊரெல்லாம் ஆடும், நான் மட்டும் கோவத்தைக் குறைக்கணும்.”

“அது இல்ல” என்று ஆரம்பித்தவள், அவர் எழுந்து போய்விட்டதைப் பார்த்துவிட்டுத் தன் தட்டோடு சோபாவுக்குப் போனாள்.

அவர் போனது ரப்பர் கடைக்கு. அதிர்வைத் தாங்குகிற ரப்பரிலேயே ஆகத் தடிமனானதாகக் கேட்டு வாங்கி, பலகைக்கு அடியில் வரிசையாக வைத்தார். இருட்டியதும் உட்கார்ந்து முதல் படத்தைப் பார்த்தார். புழு பாம்பாகியிருந்தது. ரப்பர்மேல் ஏறிய பலகை படகு மாதிரி மெத்துமெத்தென்று மிதந்துகொண்டிருந்தது. ஆனால் கறார் தன் வேலையைச் சந்தேகப்படுகிறவர் அல்ல. “நான் இவ்வளவு செஞ்சும் ஆட்டுறானுங்கன்னா எவ்வளவு வேகமா ஆட்டுறானுங்க பாரு” என்றுதான் தோன்றியது.

லிஃப்டின் இயந்திர அறை மொட்டைமாடியிலேயே இருந்தது. உள்ளே போய்ப் பெரிய சுவிட்சை ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார். கட்டடத்தின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரது?”

டீச்சரம்மாவின் குரல். கறார் பதறிப்போய்ச் சுவிட்சை மேலே தள்ளினார். லிஃப்ட் ஒரு முறை முனகிவிட்டு, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்ற இடத்திலேயே நின்றது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அசையாமல் நின்ற ஒரே பொருள் அதுதான்.

மெக்கானிக் வரும்வரை கறார் லிஃப்ட் கதவின் இடுக்குக்கு முன்னால் குனிந்து நின்றார். டீச்சரம்மா தன் பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்திருந்த திட்டையெல்லாம் அந்த இடுக்கு வழியாகவே கொடுத்து முடித்தார். நர்ஸ் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் டீச்சரம்மா வியர்த்துக் கொட்டி வெளியே வந்தார். கறார் ஓடிப்போய் மாடியிலிருந்து கணினியைத் தூக்கி வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“மேடம், நிரூபணமாயிடுச்சு. நீங்க உள்ள மாட்டியிருந்த நேரம் பூராவும் புள்ளி அப்படியே நிக்குது பாருங்க. லிஃப்டுதான் காரணம். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தீங்கன்னா ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.”

டீச்சரம்மாவிடம் திட்டு தீர்ந்துவிட்டிருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“நாளைக்கு இருட்டினதும் எல்லாத்தையும் நிறுத்துவோம். பம்பு, லிஃப்டு, மெஷின், ஃபேன் எல்லாத்தையும். எல்லாரும் மாடிக்கு வந்து உங்க கண்ணு முன்னாடி நிப்போம். அப்பவும் ஆடினா, குழாயை அங்கேயே கழட்டணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் கறார். இதைவிட நல்ல செய்தியை அவர் கேட்டதில்லை.

மறுநாள் கட்டடமே மாடிக்கு வந்தது. புகார் சொன்ன எதிர்க் கட்டடத்துப் பெண்மணியும், யாரும் கூப்பிடாமலே, ஒரு மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்.

“எல்லாரும் எனக்குப் பின்னாடி நில்லுங்க. முன்னாடி யாரும் வரக் கூடாது” என்று கறார் உத்தரவிட்டார். செருப்புகளைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். செல்போன்களை அணைக்கச் சொன்னார், அணைத்தார்கள். மாடி விளக்கும் அணைந்தது. கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் கீழே பலகைமேல் விழுந்தது.

லிஃப்ட் இல்லாததால் படியேறி, எல்லாருக்கும் கடைசியாக நகைக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு, மூச்சு இரைத்தது. பின்னால் இடமில்லை. கறார் முறைத்த முறைப்பில் அப்படியே ஓரமாக நகர்ந்து, தண்ணீர்த் தொட்டியின் அடியில், கறாருக்கு எதிரே தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டார்.

முதல் படம் வந்தது. பாம்பு.

“யாரு இருமினது?”

யாரும் இருமவில்லை.

அடுத்த படம். பாம்பு.

“யாரோ மூச்சு விடுறீங்க.”

“எல்லாரும்தான் விடுறோம் சார்” என்றார் டீச்சரம்மா.

“மெதுவா விடுங்க.”

மெதுவாக விட்டார்கள். நர்ஸ் தன் கைவளையல்களைப் புடவைத் தலைப்பால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். எதிர்க் கட்டடத்துப் பெண்மணி நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்காத குறையாக நின்றார். கறார் கோபம் ஏற ஏற முன்னால் குனிந்தார். அவர் குனியக் குனியப் பாம்புகளின் நெளிவு கூடிக்கொண்டே போனது. கடைசியில் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

அப்போதுதான் கறார் வெடித்தார்.

“முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது நிக்குது. இங்க ஒரு மனுஷன் நிக்க மாட்டேங்கிறான். தச்சன் அடிச்ச கட்டில் நிக்கல. கடையில தராசு நிக்கல. வீட்டு மேசையில தண்ணி நிக்கல. நான் போற இடமெல்லாம் ஆடுது. ஆட்டுறது யாருன்னு கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க. எல்லாரும் சேர்ந்துகிட்டு என்னை ஜன்னல் பாத்தவன் ஆக்குறீங்க.”

அவருக்கு அவமானம் தாங்கவில்லை.

“கழட்டிடுங்க சார்” என்றார் டீச்சரம்மா, முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கத்தோடு.

கறாரின் கை திருகாணிக்குப் போனது. தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து நகைக்கடைக்காரர், பேசலாமா கூடாதா என்று தெரியாத மாணவனைப் போல, ஒரு கையைத் தூக்கினார்.

“சார், கோவிச்சுக்காதீங்க, என் கடையில நடுவுல மேசை மறைச்சதால இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சு; அந்த வலது காலைக் கொஞ்சம் ஆட்டாம வச்சீங்கன்னா, மேல உங்க புள்ளியும் நிக்கும், கீழ என் தராசும் நிக்கும்.”